கார் ஹாரன் தானாக அடிக்கிறதா? வேலூர்ப் பக்கத்து கார்க்காரர்கள் கேட்கும் கேள்விகள்

ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பார்ப்பவனிடம் கோடையிலும் ஐப்பசி மழையிலும் தவறாமல் வந்து சேரும் புகார் இது. யாரும் தொடாமலே ஹாரன் அடிக்கிறது, நிற்க மாட்டேன் என்கிறது. வருகிறவர்களில் பாதிப்பேர் அதற்குள் ஒரு புது ஹாரன் வாங்கி மாட்டியிருப்பார்கள். அதுவும் அடிக்கும். காட்பாடி, சத்துவாச்சாரி, ராணிப்பேட்டை, ஆம்பூர் என்று பல ஊர்க்காரர்கள் கேட்டதை இங்கே கேள்வி பதிலாக எழுதியிருக்கிறேன்.

இந்த நிமிஷமே அடித்துக்கொண்டிருக்கிறது. முதலில் எதைப் பிடுங்குவது?

ஓரமாக நிறுத்துங்கள், ஹாண்ட்பிரேக் போடுங்கள். ஸ்டியரிங் நடுவில் இருக்கும் ஹாரன் பேடை விரல்களால் ஓரத்தில் பிடித்து உங்கள் பக்கம் மெல்ல இழுத்துப் பாருங்கள். நான்கு மூலையையும் ஒவ்வொன்றாக அமுக்கி விடுங்கள். சத்தம் நின்றால் குற்றவாளி பேட்தான், பாதி வேலை முடிந்தது. பேடை முஷ்டியால் குத்த வேண்டாம். உள்ளே ஏர்பேக் இருக்கிறது, ஹாரன் காண்டாக்டும் ஸ்பிரிங்கும் இருக்கின்றன.

நிற்கவில்லை என்றால் போனட்டைத் திறந்து ஃபியூஸ் பாக்ஸ் மூடியைக் கழற்றுங்கள். மூடியின் உள்பக்கம் எந்த ஃபியூஸ் எதற்கு, எந்த ரிலே (கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் சின்ன சதுரப் பெட்டி) எதற்கு என்று படம் போட்டிருக்கும். ஹாரன் ரிலேயைப் பிடுங்குவது நல்லது. ரிலே கைக்கு வரவில்லை என்றால் ஃபியூஸைப் பிடுங்கலாம். அதில் ஒரு எச்சரிக்கை உண்டு. சில வண்டிகளில் ஹாரனுக்கும் பிரேக் லைட்டுக்கும் அல்லது நான்கு பக்க இண்டிகேட்டருக்கும் ஒரே ஃபியூஸ். பிடுங்கிய பிறகு யாரையாவது பின்னால் நிற்கச் சொல்லி பிரேக் லைட் எரிகிறதா என்று பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.

இரண்டும் தெரியவில்லை என்றால் கிரில்லுக்குப் பின்னால் ஹாரனையே தேடி அதன் கப்ளரை, அதாவது ஒயர் செருகியிருக்கும் பிளாஸ்டிக் இணைப்பை, கழற்றுங்கள். ரேடியேட்டர் ஃபேன் இஞ்சின் நின்ற பிறகும் சுற்றக்கூடியது, கை ஜாக்கிரதை. கடைசி வழி பேட்டரி. நெகட்டிவ் டெர்மினலை முதலில் கழற்ற வேண்டும், பாசிட்டிவை அல்ல. பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் நேரடி ஷார்ட்.

அமுக்காமலே எப்படி அடிக்கும்? கரண்ட் எங்கிருந்து வருகிறது?

கரண்ட் எப்போதும் அங்கேயே காத்திருக்கிறது. வீட்டு லைட் சுவிட்ச் மாதிரி ஹாரன் பட்டன் கரண்டைக் கொண்டுவந்து தருகிறது என்று நினைப்பதால்தான் குழப்பம் வருகிறது. பெரும்பாலான கார்களில் பட்டன் தருவது எர்த், அதாவது பேட்டரி நெகட்டிவோடு சேர்ந்த கார் பாடியின் இணைப்பு.

பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக ரிலேக்கு 12 வோல்ட் வந்து நிற்கும். ரிலேக்குள் ஒரு சின்னச் சுருளும் ஒரு காண்டாக்டும் உண்டு. சுருளின் ஒரு முனையில் பாசிட்டிவ் ஏற்கெனவே இருக்கும். மறுமுனையிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் ஸ்டியரிங் வரை போய்ப் பட்டனில் முடியும். பட்டனை அமுக்கினால் அந்த ஒயர் பாடியோடு சேரும். சுருளில் காந்தம் வரும், காண்டாக்ட் ஒட்டும், ஹாரனுக்குக் கரண்ட் போகும்.

ஆகவே அந்த மெல்லிய ஒயர் வழியில் எந்த இடத்தில் தோல் உரிந்து பாடியில் பட்டாலும் கார் அதைப் 'பட்டன் அமுக்கியாகிவிட்டது' என்றே எடுத்துக்கொள்ளும். பாசிட்டிவ் ஒயர் பாடியில் பட்டால் ஃபியூஸ் போய்விடும், விஷயம் தெரிந்துவிடும். இந்த ஒயர் பட்டால் ஃபியூஸ் போகாது, ஹாரன்தான் அடிக்கும். பல வண்டிகளில் இந்தச் சுற்றுக்குச் சாவியோடு சம்பந்தமில்லை என்பதால் சாவியை எடுத்தாலும் நிற்காது.

கோளாறு எங்கே என்று நானே பிரித்துப் பார்க்க முடியுமா?

முடியும். ஒரு மல்டிமீட்டர் போதும். எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது ரிலேயைப் பிடுங்குங்கள். பிடுங்கிய பிறகும் அடித்தால் ரிலேயும் பட்டனும் நிரபராதிகள். ரிலேயைத் தாண்டி ஹாரனுக்குப் போகும் ஒயரில் வேறெங்கிருந்தோ பாசிட்டிவ் வருகிறது. வெளியில் மாட்டிய அலாரம், இரண்டாவதாகப் போட்ட ரிலே, யாரோ இழுத்துவிட்ட ஒயர் என்று அங்கே தேட வேண்டும்.

பிடுங்கியதும் நின்றால் ரிலேயைக் கையில் எடுத்துக் காலின் எண்களைப் பாருங்கள். 30, 85, 86, 87 என்று இருக்கும். ஜப்பான் வகை ரிலேக்களில் 1, 2, 3, 5 என்று இருக்கும். அதில் 1, 2 சுருளுக்கு, 3, 5 காண்டாக்டுக்கு. மீட்டரைப் பீப் அடிக்கும் இடத்தில் வைத்து 30-ஐயும் 87-ஐயும் தொடுங்கள். ரிலே சும்மா கையில் இருக்கும்போது பீப் வரவே கூடாது. வந்தால் உள்ளே காண்டாக்ட் ஒட்டிப்போயிற்று. புது ரிலே போடுங்கள், கதை முடிந்தது.

பீப் வரவில்லை என்றால் ரிலே நல்லது. இப்போது ரிலே உட்காரும் சாக்கெட்டைப் பாருங்கள். ஹாரன் கப்ளரை முதலில் கழற்றிவிடுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஹாரன் சுருள் வழியாகவே பாடி எர்த் காட்டும், பட்டன் ஒயர் ஷார்ட் என்று தப்பாக முடிவு கட்டிவிடுவீர்கள். சாக்கெட்டின் நான்கு ஓட்டைகளில் இரண்டில் 12 வோல்ட் இருக்கும். அவற்றை விடுங்கள். மீதி இரண்டில் ஒன்று ஹாரனுக்கு, ஒன்று பட்டனுக்கு. மீட்டரைத் திரும்பவும் பீப்புக்கு மாற்றி, ஒரு முனையைப் பெயின்ட் இல்லாத போல்ட்டில் வைத்து, மறுமுனையால் இந்த இரண்டையும் தொடுங்கள். பட்டனை அமுக்கும்போது மட்டும் ஒன்றில் பீப் வர வேண்டும். அமுக்காமலே வந்தால் கோளாறு ஸ்டியரிங் பக்கம். அதாவது பேட், அதற்குக் கீழே சுருட்டி வைத்த ரிப்பன் ஒயரான ஸ்பைரல் கேபிள், இல்லையென்றால் அங்கிருந்து ஃபியூஸ் பாக்ஸ் வரை ஓடும் ஒயர்.

கோளாறு இருக்கும் நேரத்தில்தான் இந்தச் சோதனை உண்மையைச் சொல்லும். மத்தியானம் இரண்டு மணிக்கு அடித்த வண்டியைச் சாயங்காலம் ஆறு மணிக்குச் சோதித்தால் எல்லாம் சரியாகத்தான் காட்டும்.

மல்டிமீட்டர் இல்லை. வேறு வழி?

அதே ஃபியூஸ் பாக்ஸில் ஹாரன் ரிலே மாதிரியே இன்னொன்று, அதே நம்பர், அதே கால்களோடு இருக்கும். ஃபாக் லைட்டுக்கோ ஏசிக்கோ போட்டது. இரண்டையும் மாற்றிப் போடுங்கள். ஹாரன் நின்றுவிட்டால் பழைய ரிலேதான் கெட்டது. அதை ஏசி பக்கம் அப்படியே விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

ரிலே காண்டாக்ட் ஏன் ஒட்டிக்கொள்கிறது?

ஒவ்வொரு முறை ஹாரன் நிற்கும்போதும் காண்டாக்ட் விலகும் இடத்தில் சின்னத் தீப்பொறி பறக்கும். சாதாரண ஹாரன் ஒன்று 4, 5 ஆம்பியர் எடுக்கும், ஜோடியாக இருந்தால் இரண்டு மடங்கு. பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து கிரீன் சர்க்கிள் வரை நம் ஆட்கள் எத்தனை தடவை அமுக்குகிறார்கள் என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள், ரிலேயின் பாடு புரியும். பொறியில் உலோகம் கொஞ்சம் கொஞ்சமாக உருகி ஒரு நாள் பற்றவைத்தது போல ஒட்டிவிடும்.

ஸ்க்ரூடிரைவர் பிடியால் ரிலேயைத் தட்டினால் சில சமயம் விட்டுவிடும். வீடு போய்ச் சேர அது போதும். திரும்ப ஒட்டும் என்பதில் சந்தேகமே வேண்டாம்.

வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால்தான் அடிக்கிறது. நிழலில் ஒன்றும் இல்லை. ஏன்?

வேலூர்க்காரர்களுக்கே உரிய கேள்வி. கத்திரியில் நமக்கு 40 டிகிரி தாண்டுவது சாதாரணம். கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் அதைவிட எவ்வளவோ அதிகம் ஏறும். நேராக வெயில் படும் ஸ்டியரிங்கைக் கையால் தொட முடியாது.

ஏர்பேக் உள்ள பல கார்களில் பேட் முழுவதும் ஸ்பிரிங் மேல் மிதந்துகொண்டிருக்கும். அமுக்கினால் கொஞ்சம் உள்ளே போய்க் காண்டாக்ட் சேரும். அந்த இடைவெளி மிகச் சிறியது. வருஷக்கணக்காக வெயில் தின்ற பிளாஸ்டிக் சூட்டில் விரிந்தோ வளைந்தோ போனால், அல்லது ஸ்பிரிங் தளர்ந்தால், அந்த இடைவெளி அடைபட்டுவிடும். உள்ளே குளிர்ந்ததும் திரும்ப விலகிவிடும். அதனால்தான் ஒர்க்‌ஷாப்பில் கொட்டகைக்கு அடியில் நிறுத்தினால் வண்டி சமர்த்தாக இருக்கிறது, ஓனர் பொய் சொல்கிறார் என்று மெக்கானிக் நினைக்கிறார்.

சந்தேகம் இருந்தால் வெயில் நேரத்தில் அடிக்கும்போது ஏசியை முழுக்க வைத்து ஒரு ஓட்டையை ஸ்டியரிங் பக்கம் திருப்புங்கள். பேட் குளிர்ந்ததும் நின்றால் கோளாறு பேடிலோ அதன் காண்டாக்டிலோதான். முன் கண்ணாடிக்கு ஒரு மறைப்பு வைப்பதும் ஸ்டியரிங் மேல் ஒரு துண்டு போடுவதும் தள்ளிப்போடும் வழிகள். சரியான தீர்வு பேடைக் கழற்றி, காண்டாக்டைச் சுத்தம் செய்து, தளர்ந்த ஸ்பிரிங்கை மாற்றுவது.

ஸ்டியரிங் கவரையும் பாருங்கள். ஆம்பூர், ராணிப்பேட்டையில் தோலுக்குப் பஞ்சமில்லை என்பதால் நம் பக்கம் தடிமனான தோல் கவர் போட்டுத் தைப்பது ஒரு ஆசை. ஸ்போக் சேரும் இடத்தில் தோல் மடிந்து பேடின் ஓரத்தில் முட்டிக்கொண்டால், சூட்டில் இரண்டும் இறுகி, அமுக்கிய பேட் திரும்ப மேலே வராது. கவரை அவிழ்த்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள்.

அப்புறம் ஆயுத பூஜை. சந்தனத்தைக் கரைத்துப் பேட் நடுவில் தாராளமாகப் பூசுகிறோம். அது இடுக்கு வழியாக இறங்கிக் காய்ந்து பேடை அசையவிடாமல் பிடித்துக்கொள்ளும். பொட்டைக் கண்ணாடியில் வையுங்கள், டேஷ்போர்டில் வையுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் அடிக்கிறது.

ஏறக்குறைய நிச்சயமாக ஸ்பைரல் கேபிள். கிளாக் ஸ்பிரிங் என்றும் காண்டாக்ட் காயில் என்றும் கடைகளில் கேட்பார்கள், எல்லாம் ஒன்றுதான். ஸ்டியரிங் சுற்றும், அதன் அடியில் இருக்கும் தண்டின் உறை சுற்றாது. சுற்றும் பக்கத்திலிருந்து சுற்றாத பக்கத்துக்கு ஹாரன், ஏர்பேக், ஆடியோ பட்டன் எல்லாவற்றின் இணைப்பையும் கொண்டுபோக ஒரு தட்டையான ரிப்பன், பிளாஸ்டிக் டப்பாவுக்குள் சுருட்டி வைத்திருக்கும். திருப்பத் திருப்ப அது இறுகும், தளரும். தேய்ந்து கிழிந்தால் சில இடங்களில் ஒன்றோடொன்று உரசும்.

இதைக் கண்டுபிடிக்க ஏலகிரி மலைப்பாதையை விட நல்ல இடம் இல்லை. 14 கொண்டை ஊசி வளைவுகளும் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் நன்றாகச் சுற்றவைக்கும். வளைவுக்கு வளைவு அடித்து, நேர் ரோட்டில் நின்றுவிட்டால் வேறு சோதனையே வேண்டாம். அத்தோடு டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிந்தாலோ, ஸ்டியரிங்கில் இருக்கும் வால்யூம் பட்டன் வேலை செய்யாவிட்டாலோ உறுதி.

வெளியில் எரிச்சல் தருவது ஹாரன்தான். பயப்பட வேண்டியது ஏர்பேக் விளக்குக்கு. அதே ரிப்பனில் ஏர்பேக் இணைப்பும் போகிறது, அது அறுந்தால் விபத்தில் ஏர்பேக் விரியாமல் போகலாம். ஹாரன் ஒயரை மட்டும் வெட்டிவிட்டு ஓட்டுகிற யோசனையை இந்த இடத்தில் விட்டுவிடுங்கள்.

ஏர்பேக் இல்லாத பழைய வண்டிகளில் ரிப்பனுக்குப் பதில் வட்டமான செம்புத் தகடும் அதன் மேல் உரசும் ஒரு காண்டாக்டும் இருக்கும். அங்கே கிரீஸும் செம்புத்தூளும் சேர்ந்து கறுப்பாகப் படிந்து எர்த் கொடுக்கும். துடைத்தால் சரியாகிவிடும்.

பேடை நானே கழற்றலாமா, அண்ணா? வீடியோ பார்த்தேன்.

ஏர்பேக் இல்லாத வண்டி என்றால் கழற்றுங்கள். இருந்தால் வேண்டாம். இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் டிரைவர் பக்க ஏர்பேக் கட்டாயம், அதற்கு முன்னால் வந்த வண்டிகளிலும் நிறைய உண்டு. ஸ்டியரிங் நடுவில் ஏர்பேக் என்பதற்கான ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்கும். உள்ளே இருப்பது கண் இமைக்கும் நேரத்தில் வெடித்து விரியும் பொருள், முகத்துக்கு நேராக.

வேலை தெரிந்தவர் என்ன செய்வார் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள், அவர் செய்கிறாரா என்று பார்க்கலாம். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுவார். உடனே கை வைக்க மாட்டார், கம்பெனி கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருப்பார். ஏர்பேக் யூனிட்டுக்குள் சேமித்த கரண்ட் வடிய சில நிமிஷம் வேண்டும். மஞ்சள் கப்ளர்களில் மீட்டரை வைக்க மாட்டார். மீட்டர் அனுப்பும் சின்னக் கரண்டே ஆபத்து. கழற்றிய பேடைத் துணி போட்ட மேஜையில் முகம் மேலே பார்க்க வைப்பார், கவிழ்த்து வைக்க மாட்டார். ஸ்பைரல் கேபிளைக் கழற்றும் முன் சக்கரங்களை நேராக நிறுத்துவார், புதியதை நடுவுக்குக் கொண்டுவந்து மாட்டுவார். நடு தப்பினால் முதல் முழுத் திருப்பத்திலேயே ரிப்பன் அறுந்துவிடும்.

இதில் எதையும் செய்யாமல் ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பேடை நெம்ப ஆரம்பித்தால் நாகரிகமாகச் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

மழை பெய்தால் அடிக்கிறது. வாட்டர் வாஷ் பண்ணிய மறுநாளும் அடித்தது.

ஃபியூஸ் பாக்ஸுக்குள் தண்ணீர். மூடி சரியாகப் பூட்டியிருக்காது, அல்லது ரப்பர் கேஸ்கெட் போயிருக்கும். பிரஷர் தண்ணீரை இஞ்சின் மேல் நேராகப் பிடிப்பது இதற்கென்றே கண்டுபிடித்த வழி. போர் தண்ணீர் உப்பாக இருக்கும் இடங்களில் இன்னும் மோசம். காய்ந்த பிறகும் உப்பு தங்கி, கால்களுக்கு இடையில் பச்சையாகப் பூத்து, கரண்ட் கசியப் பாதை போட்டுவிடும். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது தண்ணீரில் நின்ற வண்டிகளை வாங்கியவர்கள் இதை முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ரிலேயைப் பிடுங்கிச் சாக்கெட்டைப் பாருங்கள். பச்சை இருந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு காண்டாக்ட் கிளீனர் அடித்துப் பல் தேய்க்கும் பழைய பிரஷால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். ஹாரனே மழையில் நனைந்து கெட்டால் அடிக்காமல்தான் போகும், கரகரக்கும். தானாக அடிக்காது.

எலி வேலையாக இருக்குமா?

இருக்கும். வண்டியைப் பல நாள் எடுக்காமல் நிறுத்தினால், பக்கத்தில் நெல்லோ தவிடோ இருந்தால், முதலில் எலியைத்தான் நினைக்க வேண்டும். போனட்டுக்குள் புழுக்கை, வைக்கோல், கடித்த ஸ்பாஞ்ச் தெரியும். எலி ஒயரை முழுக்க வெட்டினால் ஹாரன் செத்துப்போகும். தோலை மட்டும் உரித்துவிட்டுப் போனால் ஓயாமல் அடிக்கும். கடித்த இடத்தை டேப் சுற்றி மட்டும் விடாதீர்கள், இஞ்சின் சூட்டில் பசை இளகும். ஒயரை வெட்டிச் சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் போடச் சொல்லுங்கள். ஒன்றைக் கடித்திருந்தால் பக்கத்தில் இன்னொன்றையும் கடித்திருக்கும்.

ராத்திரியில் விட்டு விட்டு அடிக்கிறது, லைட்டும் மின்னுகிறது.

அது ஹாரன் கோளாறு இல்லை, திருட்டு அலாரம். ஒரே தாளத்தில் அடித்து இண்டிகேட்டரும் மின்னினால் ரிமோட்டை அமுக்கித் திறந்து பாருங்கள். நின்றுவிடும். காரணம் பெரும்பாலும் போனட் பூட்டில் இருக்கும் சின்ன சுவிட்ச், சரியாக மூடாத கதவு, அல்லது பலம் குறைந்த பேட்டரி. வெளியில் மாட்டிய அலாரம் என்றால் அதிர்ச்சி சென்சாரின் திருகைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் தீபாவளி முடியும்வரை தெருவே தூங்காது. சாவி பாக்கெட்டில் நசுங்கி அலாரம் பட்டன் அமுங்குவதும் உண்டு.

தாளமில்லாமல் நீளமாக ஒரே இழுப்பாக அடித்தால் மட்டும் மேலே சொன்ன ரிலே, பேட் வழிக்கு வாருங்கள்.

வெளியில் புது ஜோடி ஹாரன் போட்டேன். அதிலிருந்துதான் தொல்லை.

ஹாரனைக் குறை சொல்லாதீர்கள், ஒயரிங்கைப் பாருங்கள். நல்ல ஹாரனுக்கு நம் மாநிலத்திலேயே கோயம்புத்தூர் ரூட்ஸ் இருக்கிறது. பிரச்சினை அதை மாட்டிய விதத்தில். கூடுதல் ஹாரனுக்குத் தனி ரிலே போடுவார்கள், ஆக இப்போது வண்டியில் இரண்டு ரிலே. கம்பெனி ரிலேயைப் பிடுங்கியும் நிற்கவில்லை என்றால் இந்த இரண்டாவது ரிலே ஒட்டியிருக்கிறது. பம்பருக்குப் பின்னால் தொங்கிக்கொண்டு தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும். கால்கள் கீழே பார்க்கும்படி, கொஞ்சம் உயரத்தில், பாடியில் திருகி வைக்கச் சொல்லுங்கள்.

ஐந்து கால் ரிலே போட்டிருந்தால் நடுக்காலில் 87ஏ என்று இருக்கும். அது ரிலே ஓய்வில் இருக்கும்போதே கரண்ட் விடும் கால். ஹாரன் ஒயர் அதில் போயிருந்தால் அமுக்கினால் நிற்கும், விட்டால் அடிக்கும். பேட்டரியிலிருந்து வரும் ஒயரில் ஃபியூஸ் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பல இடங்களில் இருக்காது. தீப்பிடிப்பது அங்கேதான்.

என்னிடம் இருப்பது பழைய அம்பாசடர் / மாருதி 800.

இரண்டும் 2014-இல் உற்பத்தி நின்றவை, ஆனாலும் வடாற்காடு கிராமங்களில் இன்னும் ஓடுகின்றன. பழைய வண்டிகள் சிலவற்றில் ரிலேயே கிடையாது. ஹாரனுக்குப் பாசிட்டிவ் நேராகப் போகும், மறுமுனை பட்டன் வழியாக எர்த் ஆகும். ஹாரனில் பட்டனுக்குப் போகும் ஒயரைக் கழற்றுங்கள். நின்றால் அந்த ஒயரை ஸ்டியரிங் வரை தொடர்ந்து போய்த் தேடுங்கள். அதிகம் உரசுவது ஸ்டியரிங் தண்டு டேஷ்போர்டைத் தாண்டும் இடம்.

புது மாடல் வண்டி. ஹாரன் ரிலே எங்கேயும் தெரியவில்லை.

சில புது வண்டிகளில் ரிலே சர்க்யூட் பலகையிலேயே பதித்திருக்கும், பிடுங்க முடியாது. பட்டன் ஒரு கம்ப்யூட்டர் பெட்டிக்குச் செய்தி சொல்லும், அந்தப் பெட்டிதான் ஹாரனை அடிக்கும். ஃபியூஸைப் பிடுங்கிச் சத்தத்தை நிறுத்திவிட்டு ஸ்கேனர் உள்ள இடத்துக்குப் போங்கள். ஸ்கேனரில் பட்டன் 'அமுங்கியிருக்கிறது' என்று காட்டினால் ஸ்டியரிங் பக்கம், காட்டாமல் ஹாரன் அடித்தால் பெட்டி பக்கம். வாரண்டி இருந்தால் ஒரு ஒயரையும் வெட்ட வேண்டாம்.

சிஎம்சி வாசலில் மாட்டிக்கொண்டேன். போலீஸ் அபராதம் போட முடியுமா?

சட்டப்படி முடியும். மோட்டார் வாகனச் சட்டம் 194எஃப் பிரிவு தேவையில்லாமலோ தொடர்ந்தோ ஹாரன் அடித்தால் முதல் தடவை 1,000 ரூபாய், அடுத்தடுத்து 2,000 ரூபாய் என்கிறது. ஹாரன் தடை பலகை உள்ள இடத்தில் அடித்தாலும் அதே தொகை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஆஸ்பத்திரி, பள்ளி, கோர்ட்டைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம். சிஎம்சி ஆஸ்பத்திரி இருக்கும் ஐடா ஸ்கடர் ரோடு, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி வாசல் போன்ற இடங்களில் சட்டத்தை விட நோயாளிகளை நினைத்தே வேகமாக ஃபியூஸைப் பிடுங்குங்கள். போனட்டைத் திறந்து வைத்துப் போராடிக்கொண்டிருப்பவரிடம் அபராதம் கேட்கிற போலீஸ்காரர் அபூர்வம்.

ரொம்ப நேரம் அடித்துவிட்டது. வேறு ஏதாவது கெட்டிருக்குமா?

ஹாரன் விட்டு விட்டு அடிக்கச் செய்யப்பட்ட பொருள். நீளமாக அடித்தால் சுருள் சூடாகும், குரல் மாறும், கடைசியில் கருகும். ஜோடி ஹாரன் ஓயாமல் அடித்தால் சின்னக் காரின் 35 ஆம்பியர்-அவர் பேட்டரி சில மணி நேரத்தில் படுத்துவிடும். சரிசெய்த பிறகு ஹாரனின் குரல் பழையபடி இருக்கிறதா, கப்ளர் உருகியிருக்கிறதா என்று பாருங்கள்.

ரிலேயைப் பிடுங்கிவிட்டு ஓட்டலாமா?

ஒர்க்‌ஷாப் வரை, பகலில், மெதுவாக. வேலை செய்யும் ஹாரன் வண்டியில் இருக்க வேண்டும் என்பது விதி. பள்ளிகொண்டா பக்கம் நெடுஞ்சாலையில் குறுக்கே வரும் டூவீலருக்கும் மாட்டுக்கும் உங்கள் ரிலே கதை தெரியாது.

எலக்ட்ரீஷியனிடம் போகும்போது என்ன சொல்வது? எவ்வளவு ஆகும்?

எப்போது அடிக்கிறது என்று சொல்லுங்கள்: வெயிலிலா, மழையிலா, திருப்பும்போதா, சாவி எடுத்த பிறகுமா. ரிலேயைப் பிடுங்கினால் நின்றதா என்பதையும் சொல்லுங்கள். போனில் வீடியோ எடுத்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. இந்த நான்கு வரிக்கு அரைநாள் கூலி மிச்சமாகும்.

ரிலே சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஸ்பைரல் கேபிள் மாடலைப் பொறுத்து ஆயிரங்களில் போகும். மலிவான டூப்ளிகேட் வேண்டாம், அதில் ஏர்பேக் இணைப்பு இருக்கிறது. சோதிக்காமலே 'ஸ்பைரல் கேபிள் போச்சு' என்று சொன்னால் சாக்கெட்டில் எர்த் காட்டச் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கையோடு கேட்டு வாங்குங்கள். ஹாரன் வேலை முடிந்தது என்று சொன்னால் உடனே பில்லுக்குப் பணம் எடுக்காமல் ஸ்டியரிங்கை இடதும் வலதும் முழுக்கத் திருப்பி அடித்துப் பாருங்கள், சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைகிறதா என்றும் பாருங்கள்.